பட்டனை அழுத்தினால் அசையாத பழைய டெஸ்க்டாப்: பச்சை ஒயரைக் கேளுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளுக்கு ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம் பார்த்துவிடலாம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) டெஸ்டர் வாங்காதீர்கள். பெரிய லோடு (கரண்ட் இழுக்கும் சுமை) கொடுக்காமல் சோதிப்பதால், தளர்ந்துபோன சப்ளையையும் நல்லதென்றே காட்டும்.

பிளக், யுபிஎஸ், பின்பக்க சுவிட்ச் எல்லாம் சரியா? அடுத்து கேபினெட்டைத் திறந்து, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். கறுப்பு முனை கேபினெட் தகட்டில். சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்புறம் ஒயரை ஒட்டி நுழையுங்கள்.

ஊதா ஒயரில், கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? கனெக்டரைக் கழற்றி மறுபடி அளங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் அவுட். கழற்றியதும் வந்தால் போர்டில் ஷார்ட் இருக்கலாம்.

அடுத்தது பச்சை. ஆஃபில் 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும். பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழவில்லையென்றால் முதல் சந்தேகம் பட்டன் மேல்தான். போர்டில் பவர் சுவிட்ச் ஒயரை உருவி, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் கோளாறு. பச்சை விழுந்தும் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றால் எங்கோ ஷார்ட். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: பச்சையையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றியதும் சப்ளை நல்லது என்று முடிவுகட்டுவார்கள். ஃபேனுக்கு வேண்டியது கொஞ்சம் கரண்ட். கெபாசிட்டர் காய்ந்த சப்ளை, போர்டு இழுக்கும்போதுதான் படுத்துவிடும். போர்டோடு இணைத்து ஆன் செய்தபடியே மஞ்சளை அளங்கள்: 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். குறைந்தால் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பழுதுபார்க்க நினைக்கவே வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லையா? பிராசஸர் பக்கத்திலுள்ள 4 பின் 12 வோல்ட் கனெக்டர் சொருகியிருக்கிறதா பாருங்கள். தூசி தட்டிய பிறகு மறப்பது இதைத்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒற்றை ரேமாகப் போட்டுப் பாருங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, முலாம் போய்விடும். போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி 2.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் புதிது போடுங்கள்.

பின்னால் சேர்த்தது: சில பிராண்டட் பெட்டிகளில் 24 பின்னுக்குப் பதில் 6 அல்லது 8 பின் கனெக்டர் இருக்கும். அவற்றில் மேலே சொன்ன நிறக்கணக்கை நம்பாதீர்கள்.