சூரியனையும் நெபுலாவையும் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைநோக்கியில் முதன்முதலாகக் கேமராவை மாட்டும் பலர், கல்யாண வீட்டிலும் சுற்றுலாவிலும் படமெடுத்துப் பழகிய கையோடு வருகிறார்கள். ஒரு கிளிக்கில் படம் வந்துவிட வேண்டும், இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பு) கூட்டலாம், ஃபோகஸைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வானத்தைப் பொறுத்தவரை இந்தப் பழக்கங்கள் எல்லாமே காலை வாரிவிடும். சூரியனிலிருந்து வரும் ஒளி அளவுக்கு மிஞ்சியது. விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகமான நெபுலாவிலிருந்து வருவதோ மிகச் சொற்பம்.

சூரியனிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே செய்யும் தவறைத் திருத்த வழியில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. ஃபில்டர் இல்லாமல் தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தவருக்கு, பார்வை போன பிறகுதான் போனதே தெரியவரும். ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில் இருக்க வேண்டும், ஒளி உள்ளே நுழையும் முன்பே அது குறைந்துவிட வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகி மாட்டும் பழைய கறுப்புக் கண்ணாடிகள் குவிந்த வெப்பத்தில் சட்டென விரிசல் விடும். பழைய பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, கிரகணக் கண்ணாடி, எதுவுமே தொலைநோக்கிக்கு ஆகாது.

முன்வாயில் ஃபில்டராகக் கட்டும் சோலார் ஃபிலிம் வாங்கும்போது அதன் அடர்த்தி எண்ணைக் கவனியுங்கள். 5.0 என்று இருந்தால் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கண்ணால் பார்க்கவும் படமெடுக்கவும் அது ஏற்றது. 3.8 என்பது அதைவிடச் சுமார் 16 மடங்கு ஒளியை விடும், கேமராவுக்கு மட்டுமே உரியது. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளித் தாள்தான் என்பதால் மாறிவிட வாய்ப்புண்டு. வாங்கியவுடன் சட்டத்தின் மேல் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபிலிமை ஒரு பிரகாசமான விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் கழன்று விழாதபடி டேப் போடுங்கள். அப்புறம், குறிபார்க்க உதவும் ஃபைண்டர். பெரிய குழாயை ஒழுங்காக மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன ஃபைண்டரைத் திறந்தபடி விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். குழந்தைகள் முதலில் கண் வைப்பது அதில்தான்.

பாதுகாப்பு சரி, படம் ஏன் கலங்கலாக வருகிறது? பெரும்பாலும் மொட்டை மாடிதான் காரணம். பத்து மணிக்குமேல் சிமெண்ட் தளம் சூடாகி, அதிலிருந்து எழும் வெப்பக் காற்று சூரியனின் விளிம்பையே கொதிக்க வைத்துவிடும். உதயப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்குள் இருக்கும் தீவில் கட்டியதன் காரணம் இதுதான்: தண்ணீர் தரையைப் போலச் சீக்கிரம் சூடாவதில்லை. நமக்கு ஏரி கிடைக்காவிட்டாலும், காலையில் சூரியன் ஓரளவு மேலே வந்ததும் புல்தரையில் நின்று எடுத்தாலே சூரியப்புள்ளிகளின் ஓரங்கள் தெளிவாகும். ஒற்றைப் படமாக எடுக்காமல், ஒன்றிரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளில் தெளிவான ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள்.

நெபுலாக்களுக்கு வருவோம். இங்கே பணத்தைத் தவறான இடத்தில் போடுவதுதான் முதல் தவறு. பெரிய தொலைநோக்கியும், அதைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட் ஆட்டம் காண்பதும் சேர்ந்தால் எதுவும் கிடைக்காது. வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) நகர்கிறது. 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் போட்டு, வானத்தைப் பின்தொடராமல் ஓரியன் விண்மீன் கூட்டத்தை எடுத்தால், ஒரே நொடியில் நட்சத்திரம் மூன்று நான்கு பிக்சல் இழுபட்டுவிடும். எனவே சின்ன லென்ஸ், நல்ல மவுண்ட். என் கருத்தில் இதற்கு மாற்றே இல்லை.

மவுண்ட் வானத்தைச் சரியாகப் பின்தொடர, அதன் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். மவுண்டை அப்படித் துருவத்துக்கு நேராக்குவதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் சுமார் 13 டிகிரி, யாழ்ப்பாணத்தில் 10 டிகிரிக்கும் கீழே, கன்னியாகுமரியில் வெறும் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும், அதை மறைத்துவிட. ஐரோப்பியர்கள் எழுதிய வழிமுறையை அப்படியே பின்பற்றி, தெரியாத நட்சத்திரத்தைத் தேடிப் பலர் அரை இரவைக் கழிக்கிறார்கள். போன் திசைகாட்டியை நம்பினால் மவுண்டின் இரும்பு அதைக் குழப்பிவிடும். துருவ நட்சத்திரம் தெரிந்தாலும் அதை நட்டநடுவில் வைப்பது தவறு: உண்மையான துருவத்திலிருந்து அது அரை டிகிரிக்கும் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. வடக்கு மறைந்திருந்தால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள். வானத்தின் வேறு பகுதியைப் பார்த்தே அது பிழையைக் கணக்கிட்டுவிடும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கூடுதல் ஒளி வந்துவிடாது. ஏற்கெனவே வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். பிரகாசமான நட்சத்திரங்களின் நிறம் வெளுத்துப்போவதுதான் மிச்சம். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சலைக் குறைக்க, பல படங்களாக எடுத்து அடுக்கும் மொத்த நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. தரம் இரு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு வேண்டும். ஒரே இரவில் பத்துப் பொருள்களைத் துரத்தாமல், ஒன்றிலேயே நில்லுங்கள்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் திருப்புங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். குளிர் ஏறும்போது ஃபோகஸ் நகரும், மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஓரியன் உச்சிக்கு வரும் மார்கழி இரவுகளில் லென்ஸில் பனி படியும். துணியால் துடைத்தால் கோடு விழும், பூச்சும் கெடும். சின்ன ஹீட்டர் பட்டையைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள்.

களைப்பில் பலர் விட்டுவிடுவது பிளாட் ஃபிரேம், அதாவது சீரான வெளிச்சத்தை எடுக்கும் திருத்தப் படம். சென்சார் தூசியும் ஓர இருளும் அதில்லாமல் போகாது. கேமராவைக் கழற்றிய பிறகு எடுத்தால் பயனில்லை. ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் மாற்றாமல், லென்ஸ் முன் வெள்ளைத் துணி கட்டி, விடியல் வானத்தை நோக்கி எடுங்கள்.

கடைசியாகக் கணினியில். சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் இரண்டுமே இலவசம். அவற்றில் அடுக்கிய பிறகு, பின்னணியை முழுக் கறுப்பாக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால், இரவெல்லாம் விழித்துச் சேர்த்த மெல்லிய வாயு மண்டலமும் சேர்ந்து போய்விடும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) இருண்ட பகுதியான இடது ஓரத்தை வெட்டாமல் விடுங்கள், வானம் சற்றே சாம்பலாக இருக்கட்டும். ஓரியன் நெபுலாவின் மையத்தில் இருக்கும் ட்ரபீசிய நட்சத்திரங்கள் நீண்ட எக்ஸ்போஷரில் வெந்து வெள்ளையாகிவிடும். அவற்றுக்கென்று 5 முதல் 10 நொடி வரையிலான படங்களைத் தனியே எடுத்து வந்து, மையத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.