ஹெயான் ஷோதான்: அந்த ஒரு சாண் எங்கே போச்சு?

ஷோடோகான் கராத்தேயில் முதல் கத்தா (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) ஹெயான் ஷோதான். 21 அசைவு, ஆரம்பித்த இடத்திலேயே முடிய வேண்டும். எனக்கோ பத்து நாளாக ஒரு சாண் பின்னால் தள்ளியே முடிந்தது. "இன்னாப்பா, கோட்டைல ஆரம்பிச்சு சத்துவாச்சாரில முடிக்கிற?" என்றார் எங்கள் வேலூர் மாஸ்டர்.

திருப்பத்தில்தான் தப்பு என்று 270 டிகிரி திருப்பத்தையே மூன்று நாள் தேய்த்தேன். மாறவில்லை. முன்னே போகும்போது காலடியைப் பெரிதாக வைத்தேன். ஒரு நாள் சரி, மறுநாள் முன்னால் போய் நின்றேன்.

கடைசியில் அம்மாவின் கோலமாவில் கை வைத்தேன். வேலூர் வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் மெலிசாகத் தூவி, அதன்மேல் செய்தேன். (வாங்கிய திட்டு தனிக்கதை.) திரும்பி வரும் மூன்று ஓய்-சுகியிலும் (அடியெடுத்து விடும் குத்து) தடம் சுத்தம். முன்னே போகும் மூன்று ஆகே-உகேக்கு (கையை மேலே தூக்கும் தடுப்பு) அடியெடுத்த இடங்களில் மட்டும் குதிகாலுக்குப் பின்னால் நாலு விரற்கடை நீளத்துக்கு இழுபட்ட கோடு! கையைத் தூக்கும் அவசரத்தில் உடம்பு பின்னால் சாய, ஊன்றிய முன்காலும் கூடவே பின்வாங்கியிருக்கிறது. மூன்று நாலு பன்னிரண்டு விரல். அதுதான் அந்த ஒரு சாண்.

மாஸ்டர் முதல் மாதமே சொன்னதுதான்: முன் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டு அப்புறம் நகரு. இப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, வெறும் காலடி மட்டும் மெதுவாக. கால் பின்வாங்கினால் கொட்டை குத்தும். ஐந்தாம் நாள், ஆரம்பித்த இடத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டிலேயே வந்து நின்றேன். அப்பாடா.

வலது காலுக்கு மட்டும் இன்னும் கொட்டை தேவைப்படுகிறது.