கோல நடைக்கு ஒரு போட்டோஷூட்: முந்தின வாரத்திலிருந்து அன்று காலை வரை

மயிலாப்பூர் மாட வீதிகளில் காலை நேரத்தில் சின்னதாக ஒரு நடை நடத்துகிறேன். பூக்கடைகளைப் பார்ப்போம், ஒரு வீட்டு வாசலில் கோலம் போடக் கற்றுக்கொள்வோம், கடைசியில் ஃபில்டர் காபி. மொத்தம் இரண்டரை மணி நேரம். தொடக்கத்தில் விளம்பரத்துக்குப் போட்ட படங்கள் எல்லாம் கோபுரமும் தெப்பக்குளமும்தான். படம் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், கூடவே "அங்கே வந்து நாங்க என்ன செய்வோம்?" என்றும் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் தொழில்முறைப் போட்டோகிராபரை அழைத்தேன். முதல் தடவை எடுத்ததில் பாதி வீணானது. இரண்டாவது தடவை நன்றாக வந்தது. இடையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சமையல் வகுப்போ மண்பாண்டப் பயிற்சியோ நடத்துபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: வேண்டிய படங்களை வாக்கியமாக எழுதுங்கள்

ஒரு தாளில் எட்டு வாக்கியம் போதும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆளும் ஒரு செயலும் இருக்க வேண்டும். "கோலம்" என்று மட்டும் எழுதினால் போட்டோகிராபர் தரையைத்தான் எடுப்பார். "இழை இழுக்கத் தடுமாறும் விருந்தினரின் கையைப் பிடித்து நான் காட்டித் தருகிறேன்" என்று எழுதினால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். "பூக்காரம்மா முழம் போடுவதை இரண்டு பேர் குனிந்து பார்க்கிறார்கள்", "நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்" என்று என் பட்டியல் போனது. இதை மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் அகலவாக்கில் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்றை மட்டும் உயரவாக்கிலும். கைப்பேசித் திரையில் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடச் சொல்வது நல்லது.

படி 2: வெயிலைப் பார்த்து நேரம் குறியுங்கள்

முதல் தடவை நான் தவறியது இதில்தான். எல்லோருக்கும் வசதி என்று காலை 9 மணிக்கு ஆரம்பித்தோம். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல், எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள், கோலமோ வெயிலில் வெளிறிப்போய் இருந்தது. சென்னையில் மார்கழியில் ஏறக்குறைய ஆறரைக்குச் சூரியன் உதிக்கும், வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே. உதித்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளியில் எடுக்க வேண்டியதை முடித்துவிடுங்கள்.

திசையும் முக்கியம். கபாலீசுவரர் கோயிலின் சுமார் 120 அடி ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது, குளம் மேற்கே. காலையில் குளத்துப் பக்கம் நின்று எடுத்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், சிற்பம் ஒன்றும் தெரியாது. கோபுரம் வேண்டுமானால் காலையில் கிழக்கு வீதி, குளம் வேண்டுமானால் சாயங்காலம். பங்குனித் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது.

படி 3: விருந்தினராக யார் வருவது?

நண்பர்கள் நான்கு பேர் போதும், வயது மட்டும் கலந்து இருக்கட்டும். அதில் ஒருவராவது கோலமாவைக் கையில் எடுத்தே இராதவராக இருக்க வேண்டும். முதல் புள்ளி வைக்கும்போது அவர் முகத்தில் வரும் கவனத்தை நடித்துக் காட்ட முடியாது. ஒற்றை நிறத்தில் உடுத்தி வரச் சொல்லுங்கள். எங்களுக்கு வெள்ளை மட்டும் வேண்டாம், கோலத்தோடு கலந்துவிடும். நிறுவனப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டும் வேண்டாம். படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி.

படி 4: கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள்

தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுபோகவே 2022-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதனால் என் பட்டியல் முழுக்க வீதியோடு நின்றுவிடுகிறது. பூக்காரம்மாவிடம் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "நாளைக்கு நாலு பேரோட வரேன்மா, நீங்க கட்டுறதைப் படம் எடுக்கலாமா?" அவர் யோசித்துவிட்டு, விடியற்காலை வியாபாரம் முடிந்து ஏழு மணிக்கு வரச் சொன்னார். அப்போது வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் இல்லையாம். அன்று நாலு முழம் வாங்கினோம், அவர் படத்தைப் பிரிண்ட் போட்டும் கொடுத்தேன். கேமராவோடு திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை.

படி 5: வாசலை ஒத்திகை பாருங்கள்

இதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரை கருத்திருக்கும்போது வெள்ளை இழை பளிச்சென்று எழும்பும். காயக் காயத் தரை வெளுத்து, கோலமும் மங்கும். எங்கள் வாசலில் பதினைந்து நிமிடம்தான் அந்தக் கருமை நிற்கிறது. கோலத்தின் மேல் மறுபடி தெளிக்கவும் முடியாது. அதனால் வாசலை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்றில் எடுத்து முடித்ததும் அடுத்த பகுதிக்குத் தண்ணீர்.

பெரிய கோலம் வேண்டாம். 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை போதும். புள்ளி எல்லாம் வைத்து, பாதி இழை போட்டு நிறுத்தி வையுங்கள். மீதியை விருந்தினர் இழுக்கும்போது எடுக்கட்டும். முழுதாக முடித்த கோலத்தின் பக்கத்தில் ஆட்கள் வெறுமனே நிற்பதாகத்தான் தெரியும். பச்சரிசி மாவு மென்மையாக விழும், ஆனால் இழை மெலிந்துவிடுகிறது. கல்மாவு படத்தில் கூர்மையாகத் தெரிகிறது. நடையில் நான் கொடுப்பது அரிசி மாவுதான் என்பதால் படத்துக்கும் அதையே வைத்தேன், கொஞ்சம் தடிமனாக இழுக்கச் சொல்லி. படத்தில் பார்த்ததைத்தான் வருகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

போட்டோகிராபர் ஏறி நின்று மேலிருந்து எடுக்க ஒரு முக்காலி வையுங்கள். வாசலில் நிற்கும் பைக், பிளாஸ்டிக் வாளி, செருப்புக் குவியல் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே நகர்த்திவிடுங்கள்.

படி 6: காபி

நுரை ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும், ஆவியும் அப்படித்தான். டிகாக்‌ஷனைத் தயாராக வைத்து, பாலை அடுப்பிலேயே சூடாக வைத்திருங்கள். கேமரா வாகாக நின்ற பிறகு கலந்து, டவராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றுங்கள். பின்னால் இருட்டான கதவு, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் என்று அமைந்தால் ஆவி நன்றாகத் தெரியும். ஐந்து ஆறு முறை ஆற்ற வேண்டிவரும், பால் கூடுதலாக வாங்குங்கள்.

படி 7: பணம் பேசும்போது

எத்தனை படம், எந்த அளவில், எத்தனை நாளில் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்களே. போட்டோகிராபர் நீட்டும் ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படம் கைக்கு வந்ததும்

உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தே இராத ஒருவரிடம் காட்டி, "இங்கே என்ன நடக்குது?" என்று கேளுங்கள். எனக்குப் பிடித்திருந்தது கோபுரத்தின் முன்னால் எல்லோரும் சிரிக்கும் படம். கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் போல என்றார் பக்கத்து வீட்டு மாமி. இன்னொன்றில் மாவு அப்பிய விரலோடு ஒரு பெண் இழையைப் பாதியில் நிறுத்திவிட்டு, எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும் என்று என்னைப் பார்க்கிறாள். அதைப் பார்த்ததும், "அடுத்தது இடது பக்கம்னு சொல்லிக் குடேன்" என்றார் மாமி. அந்தப் படம்தான் இப்போது முகப்பில் இருக்கிறது.