பிச்சி ரெண்டாயிரம் ஆனாலும் பேசின விலைக்குக் கொடுப்பது எப்படி

குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூவுக்கு நேற்று இருந்த விலை இன்று இருக்காது. சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கிலோ, தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரெண்டாயிரத்தைத் தாண்டிப் போகும். பனி விழுந்தால் மொட்டு குறையும், வரத்து குறையும். கல்யாணமோ அந்த மாசம்தான் கூடுதல். இப்படிப்பட்ட சரக்கை நம்பி, ரெண்டு மாசம் கழித்து நடக்கப்போகிற கல்யாணத்துக்கு இன்றைக்கே விலை சொல்லி அச்சாரம் வாங்குகிறோம். புதிதாகக் கல்யாண ஆர்டர் எடுக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, ஆர்டர் பிடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். அது நாலு வீட்டில் நல்லபடியாகச் செய்தால் தானே வரும். பிடித்த ஆர்டரைச் சொன்ன விலைக்கு, சொன்ன நேரத்துக்கு மண்டபத்தில் இறக்குவதுதான் பாடு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுநடுவே பேஸ்பால் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் இருக்கிற அக்கா மகன் பிடித்துவிட்ட பைத்தியம் அது. அங்கே கோடையில் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் நமக்கு விடிகாலை நாலரை. நான் சந்தையில் நிற்கிற நேரம். எடை போட ஆள் வருகிறவரை போனில் பார்ப்பேன். ஆட்டத்தைவிட அவர்கள் ஒப்பந்தம் போடுகிற விதமும் அதைக் காக்கிற விதமும்தான் என்னை உட்காரவைத்தது. ஒரு ஆளுக்கு இத்தனை வருசம், இத்தனை கோடி என்று எழுதிவிட்டு, அவன் கை ஒடிந்தாலும் ஆட்டம் மங்கினாலும் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கொடுக்கிறார்கள். நம்ம சரக்கு மாதிரி நாளை என்ன ஆகும் என்று தெரியாத சரக்கு அது.

முதலில் விலை. வாக்குத் தவறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறுவது கொடுக்கிற அன்றைக்கு இல்லை, விலை சொன்ன அன்றைக்கு. ஆடியில் பூ சீப்பாகக் கிடக்கும்போது, அந்த விலையை மனசில் வைத்து ஆவணிக்குச் சொல்லிவிடுவார்கள். மூன்று விதமாகப் பேசலாம். ஒன்று, அன்றைய சந்தை விலை, அதோடு கட்டுக்கூலி, வண்டிக்கூலி. இதில் ஏற்ற இறக்கம் கல்யாண வீட்டாரோடது. சந்தைச் சீட்டை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். ரெண்டு, ஒரே விலை. ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் பாடு. மூன்றாவது, எனக்குப் பிடித்தது: கிலோ 1,500 வரை போனால் நான் தாங்குகிறேன், அதற்குமேல் போகிறதில் பாதி நீங்கள், பாதி நான். பொண்ணு வீட்டார் பெரும்பாலும் ஒரே விலைதான் கேட்பார்கள். அவர்களுக்கு மண்டபம், சாப்பாடு, நகை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டாக வேண்டும், அது நியாயம். அப்படிக் கேட்டால் இன்றைய விலையைப் பார்க்காதீர்கள். அதே மாசம், அதே மாதிரி முகூர்த்தத்தில், போன சில வருசங்களில் என்ன விற்றது என்று கடைச் சீட்டைப் புரட்டிப் பார்த்து, அதிலிருந்து சொல்லுங்கள்.

முகூர்த்த நாளை மட்டும் பார்த்தாலும் போதாது. நம்ம மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். ஓணத்துக்கு முன்னால் அத்தம் தொட்டுப் பத்து நாள் கேரளாக்காரர்கள் கேந்தியும் (செண்டுப்பூ) வாடாமல்லியும் அரளியும் அள்ளிக்கொண்டு போவார்கள். தவக்காலத்தில் சர்ச் கல்யாணம் குறையும், உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் மொத்தமாக வரும். காலண்டரில் இந்து முகூர்த்தத்துக்கு மட்டும் வட்டம் போட்டு வைக்கிறவன் குமரி மாவட்டத்தில் பூ வியாபாரம் பார்க்க முடியாது.

அடுத்தது எழுதுவது. வாயால் பேசினதும் ஒப்பந்தம்தான்; 1872-ஆம் வருசத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சை ஒதுக்கவில்லை. ஆனால் ரெண்டு மாசத்துக்கு முந்தைய பேச்சு ரெண்டு பேர் ஞாபகத்தில் ரெண்டு விதமாக இருக்கும். ஏமாற்று எண்ணமே வேண்டாம், தன்னாலேயே அப்படித்தான் ஆகும். முத்திரைத்தாள் தேவையில்லை. பேசி முடித்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்புங்கள்:

“அண்ணே, இன்னைக்குப் பேசினபடி: தை 20 காலை 5 மணிக்கு வடசேரி மண்டபத்தில் இறக்குவோம். பிச்சிச் சரம், நெருக்கக் கட்டு, 300 அடி. மாப்பிள்ளை, பொண்ணு மாலை ஒரு ஜோடி, சம்பங்கியும் ரோஸும். மேடைக்குக் கேந்தி 25 கிலோ. மொத்தம் ஒரே விலை, ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் இல்லை. அச்சாரம் 10,000 கிடைத்தது. பாக்கி பூ இறக்கின அன்றே. தேதி மாறினால் 10 நாள் முன்னே சொல்லணும், புதுத் தேதிக்கு விலை புதுசாப் பேசணும். பிச்சி கிடைக்காமல் போனால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் மல்லி வைப்போம். சரின்னா ஒரு பதில் போடுங்க.”

பதில் வருகிறவரை சந்தையில் யாருக்கும் சரக்கு சொல்லாதீர்கள். இதில் அடிக்கணக்கில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முழம் என்று எழுதினால் யார் கை முழம் என்று ஒரு சண்டை வரும். கட்டுகிற அக்காவின் முழமும் கல்யாண வீட்டுத் தாய்மாமன் முழமும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. நெருக்கக் கட்டா, இடைவெளிக் கட்டா என்பதும் அப்படித்தான். ஒரு சாண் சரத்தைக் கட்டிக் காட்டி, படம் எடுத்து அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

நிபந்தனை இருந்தால் வாக்கு கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், அப்புறம் கண்டுபிடிக்கக் கூடாது. கார்லோஸ் கொரேயா என்று ஒரு ஆட்டக்காரர். 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியோடு 13 வருசத்துக்கு 35 கோடி டாலர் என்று பேசி முடித்தார். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய பழைய கணுக்கால் அறுவை சிகிச்சையைப் பார்த்து ஜயன்ட்ஸ் தயங்க, உடனே நியூயார்க் மெட்ஸ் 12 வருசத்துக்கு 31.5 கோடி என்று வந்தது. அவர்களும் அதே காலைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் மினசோட்டா ட்வின்ஸில் 6 வருசத்துக்கு 20 கோடிக்குக் கையெழுத்தானது. ஊரே ரெண்டு அணிகளையும் திட்டியது, என் மருமகன் உட்பட. நான் திட்டமாட்டேன். பரிசோதனைக்கு உட்பட்டது என்று முன்னாலேயே இருந்தது, அவர்கள் அதற்குள்தான் நின்றார்கள். நம்ம தொழிலில் இதற்குச் சமம், “மண்டபம் உறுதியான பிறகுதான் ஆர்டர் உறுதி” என்று முதல் நாளே எழுதுவது. எழுதாமல் இருந்துவிட்டு, முந்தின நாள் “மண்டபம் தூரமாயிருக்கே, வண்டிக்குக் கூடுதலா வேணும்” என்றால் அது வேறு.

வாக்கு கொடுத்தாயிற்று. இனி சரக்கு. மொத்தத்தையும் ஒரே கமிஷன் கடையில் நம்பாதீர்கள். பாதியை ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கும் ஒரு விலை பேசி வையுங்கள். மிச்சத்தைச் சந்தையில் எடுங்கள். தோட்டக்காரருக்குச் சொன்ன விலையும் வாக்குதான். சந்தை இறங்கின அன்றைக்கு “அங்கே நானூறுதான் போகுது” என்று அவரிடம் போய் நின்றால், ஏறுகிற அன்றைக்கு அவர் பூ உங்கள் வாசலுக்கு வராது.

இப்போது கெட்ட நாள். 20 கிலோ பிச்சி, கிலோ 900 கணக்கில் சொல்லியிருக்கிறீர்கள், 18,000 ரூபாய். சந்தையில் 2,200 போகிறது, 44,000. கைக்காசு 26,000 இறங்க வேண்டும். என்ன செய்வது? இறக்க வேண்டியதுதான். விலை ஏறிவிட்டது என்பதைச் சட்டமும் ஒரு காரணமாக ஏற்காது. ராத்திரி பத்து மணிக்குக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, “கூடுதல் தந்தால்தான் பூ வரும்” என்கிற ஒரு வியாபாரியை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பொண்ணைப் பெற்றவர் மறுக்கமாட்டார், பணம் வரும். அடுத்த வருசம் அந்தத் தெரு முழுக்க எனக்கு ஆர்டர் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இறக்குவதற்குக் கையில் பணம் இருக்க வேண்டுமே. மனசு இருந்தும் பணம் இல்லாமல் வாக்குத் தவறுகிறவர்கள்தான் ஏராளம். அதனால் சந்தை இறங்கி, ஒரே விலை ஆர்டரில் கூடுதலாக லாபம் நிற்கிற நாளில், அந்தக் கூடுதலில் பாதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுக்கிற கணக்கோடு சேர்க்காதீர்கள். ஒரு பெரிய முகூர்த்தத்தின் நட்டத்தைத் தாங்குகிற அளவுக்கு அது நிறைகிறவரை ஒரே விலை ஆர்டர் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது.

கணக்கு கவிழ்ந்தாலும் சொன்னதைக் கொடுப்பதற்குப் பேஸ்பாலில் ஒரு கதை உண்டு, எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறது: பாபி பொனியா என்கிற ஆட்டக்காரருடையது. 2000-ல் மெட்ஸ் அணி அவருக்கு 59 லட்சம் டாலர் கொடுத்து விடுவிக்க வேண்டியிருந்தது. இப்போது வேண்டாம், 8 சதவீத வட்டியோடு பிறகு தருகிறோம் என்று பேசினார்கள். அதன்படி 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் 11,93,248 டாலர். அந்தப் பணத்தை வைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்பது அணி முதலாளிகளின் கணக்கு. அவர்கள் முதலீடு செய்திருந்த மேடாஃப் ஆசாமி 2008-ல் மோசடிக்காரன் என்று பிடிபட்டான், கணக்கு கவிழ்ந்தது. 2020-ல் அணியே வேறு முதலாளி கைக்குப் போனது. ஜூலை 1 பணம் மட்டும் நிற்கவில்லை. இதை மடத்தனம் என்று சிரிக்கிறார்கள். விலை பேசினது மடத்தனமா என்பது தனிக் கேள்வி. கொடுக்கிறார்களே, அதைப் பாருங்கள். அப்பா நடத்தின கடையை மகன் எடுத்து நடத்தும்போது, “அது அப்பா வாங்கின அச்சாரம்” என்று சொல்லிக் கைவிரிக்கிற கடைகள் நம்ம ஊரில் உண்டு.

செய்யவே முடியாமல் போகிற நாளும் வரும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மாவட்டம் முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த மாதிரி நிலைக்குத்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இருக்கிறது. சட்டம் உங்களை விட்டாலும், தகவல் சொல்கிற கடமை விடாது. அந்த வாரம் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போன் போகவில்லை. பையனை பைக்கில் அனுப்பினேன். மேடைப் பூ முடியாது, மாலை ஜோடி மட்டும் எப்படியாவது கட்டித் தருகிறோம், மீதி அச்சாரம் இதோ என்று கையில் கொடுத்துவிட்டு வந்தான். முடியாது என்று தெரிந்த அந்த மணியே சொல்லுங்கள். அவர்கள் வேறு வழி பார்க்க நேரம் கிடைக்கும். பணத்தைக் கேட்கிறவரை வைத்திருக்காதீர்கள்.

பாக்கி வராவிட்டால்? சாதாரணமாக மூன்று வருசத்துக்குள் வழக்குப் போட வேண்டும். செக் திரும்பினால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் புகார். இதற்கு வக்கீலைப் பாருங்கள். சின்னத் தொகைக்கு நான் போகமாட்டேன். அந்த வீட்டுக்கு அடுத்த தடவை முழுப் பணமும் முன்னால் வாங்குவேன், அவ்வளவுதான்.

காகிதத்தில் உங்களுக்குச் சேரவேண்டியது என்று இருப்பதையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. கில் மெஷ் என்று கேன்சாஸ் சிட்டி ராயல்ஸில் ஒரு பிட்சர், பந்து எறிகிறவர். 5 வருசத்துக்கு 5.5 கோடி டாலர் ஒப்பந்தம். கடைசி வருசத்துக்கு முன்னால் தோள் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் 1.2 கோடி டாலர் வந்திருக்கும். 2011 ஜனவரியில் ஓய்வு அறிவித்து அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். கல்யாண வீட்டில் துக்கம் நேர்ந்து கல்யாணம் நின்றால், அச்சாரத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு எழுத்தில் உரிமை இருக்கலாம். நான் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்ட முன்பணத்தை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைப் பதினாறு கழிந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். மாப்பிள்ளை வீட்டார் கூடுதல் வசதியான மண்டபம் கிடைத்தது என்று தேதி மாற்றினால் கொடுக்கமாட்டேன். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கடைசியாக ஒன்று, வாக்கு என்கிற பேரில் ஆளைக் கட்டிப்போடுவது. பேஸ்பாலில் முன்பு ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அதை ஒருதலையாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆட்டக்காரர் வேறெங்கும் போக முடியாது, வேண்டாமென்றால் அணி அவரை விற்கலாம். 1969-ல் கர்ட் ஃப்ளட் என்பவரைச் செயின்ட் லூயிஸ் அணி பிலடெல்பியாவுக்கு மாற்றியது. வருசம் 90,000 டாலர் வாங்குகிறவர், போகமாட்டேன் என்று வழக்குப் போட்டார். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்று தோற்றார். 1975 டிசம்பரில்தான் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், வேறு ரெண்டு ஆட்டக்காரர்கள் விஷயத்தில், புதுப்பிப்பது ஒரு வருசத்துக்கு மட்டும்தான் என்று தீர்ப்பு சொன்னார். ஃப்ளட் வாக்குத் தவறினவர் என்று அப்போது பேசினவர்கள் உண்டு. அவர் எந்த வாக்கைத் தவறினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பூச்சந்தையிலும் இது உண்டு. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கின தோட்டக்காரர் அந்தக் கடைக்குத்தான் பூ போட வேண்டும். கடன் அடைகிற மாதிரி வரும்போது இன்னொரு முன்பணம் கொடுப்பார்கள். நீங்கள் முன்பணம் கொடுக்கிற இடத்தில் இருந்தால், எவ்வளவு, எந்த மாசம்வரை, கிலோவுக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்று அவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் எழுதி ரெண்டு பேரும் ஒப்பு போடுங்கள். வாங்குகிற இடத்தில் இருந்தால், வாரம் ஒருமுறை கழித்த தொகையை எழுதச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அடைந்த அன்றைக்கு “கணக்கு தீர்ந்தது” என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் பூவை யாருக்குப் போடுவது என்று புதிதாகப் பேசுங்கள்.