வீட்டு ரூட்டரில் விதி எழுதுகிறீர்களா? ஐசிஎம்பியை மொத்தமாக அடைக்காதீர்கள்

ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) போட்ட ரூட்டரிலோ, லினக்ஸ் ஏற்றிய பழைய கணினியிலோ எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதியைச் சொந்தமாக எழுதத் தொடங்கும் நண்பர்கள் அதை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்ட காலத்துப் பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

ஐசிஎம்பி முழுவதையும் தடுப்பது

ஐசிஎம்பி என்பது நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் பிழையையும் நிலையையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை. அதை மொத்தமாகத் தடுக்கும் விதியைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 1990களின் பிற்பகுதியில், அளவு மீறிய பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் செய்தி) பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்றை அனுப்பியே ஒரு கணினியை முடக்க முடிந்தது. அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டார்கள். 'ஐசிஎம்பியைத் தடு' என்ற அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிங் அதில் ஒரு பகுதிதான். ஒரு பாக்கெட் போய்ச் சேராவிட்டால், ஏன் சேரவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்வதும் ஐசிஎம்பிதான்.

ஒரு நண்பர் வீட்டில் ஃபைபர் இணைப்பு, பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் முறை) வழியாக. தளங்கள் திறந்தன, வீடியோ ஓடியது. இரண்டு வரி மின்னஞ்சல் உடனே போனது. பிடிஎஃப் இணைத்தால் அப்படியே நின்றுவிடும். இணைப்பு கொடுத்தவர்களிடம் சண்டை போட்டு, அவர்கள் வந்து ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் கருவி) பெட்டியையே மாற்றிவிட்டுப் போனார்கள். அப்போதும் அதே கதை. விதிகளைத் திறந்து பார்த்தால், இன்புட் (ரூட்டருக்கு வருவது), அவுட்புட் (ரூட்டர் அனுப்புவது), ஃபார்வர்டு (ரூட்டரைக் கடந்து போவது) மூன்றிலும் முதல் வரியே ஐசிஎம்பி டிராப், அதாவது பதிலே சொல்லாமல் தூக்கி எறி.

நடந்தது இதுதான். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்வதால் வெளியே போக 1492தான் மிச்சம். லேப்டாப்புக்கு அது தெரியாது. 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1500 பைட் பாக்கெட்டை அனுப்பும். ரூட்டர் அதை வெளியே விட முடியாமல், '1492க்குள் அனுப்பு' என்று ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 செய்தியைத் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தியைத்தான் அவருடைய விதி தின்றுகொண்டிருந்தது. லேப்டாப்பும் அதே பாக்கெட்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. சின்ன மின்னஞ்சல் 1492க்குள் அடங்கியதால் தப்பித்தது.

கடையில் வாங்கும் ரூட்டர்கள் பலவற்றில் டிசிபியின் (மின்னஞ்சல் போன்றவை ஓடும் முறை) எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவை, 1452 ஆகக் குறைக்கும் விதி ஏற்கெனவே இருக்கும்; அதனால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுபவர்கள் அந்த வரியையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அது இருந்தாலும் டிசிபிக்கு மட்டும்தான் உதவும். யூடிபி என்ற இன்னொரு முறையில் ஓடும் விபிஎன்னுக்கு உதவாது.

சரி, என்ன செய்யலாம்? 'எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட்' அனுமதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நடப்பில் உள்ள இணைப்புகளைப் பற்றிய பிழைச் செய்திகள் அதன் வழியே வந்துபோகும். பிங்குக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால், வெளியிலிருந்து வரும் எக்கோ ரிக்வெஸ்டை (பிங் கேள்வியை) மட்டும் தடுங்கள். பிறகு, பிபிபிஓஇ இணைப்பு என்றால், லேப்டாப்பிலிருந்து, துண்டாக்கத் தடை போட்டு, 1464 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பு 28 பைட்டைச் சேர்த்தால் சரியாக 1492, அது போக வேண்டும். 1472 அனுப்பினால் 'பெரிது' என்ற பிழை உடனே வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் செய்தி இன்னும் எங்கோ தடைபடுகிறது.

புதிய முகவரி முறையான ஐபிவி6இல் நிலைமை இன்னும் மோசம். அங்கே வழியில் உள்ள ரூட்டர் எதுவும் பாக்கெட்டைத் துண்டாக்காது. 'பாக்கெட் பெரிது' என்ற வகை 2 செய்தி வந்தே ஆக வேண்டும். பழைய முறையான ஐபிவி4இல் ஏஆர்பி செய்யும் வேலையும் (ஒரு முகவரி எந்தக் கருவியுடையது என்று கண்டுபிடிப்பது) அங்கே ஐசிஎம்பிவி6 தலையில்தான், வகை 135, 136 ஆக. அவற்றையும் தடுத்தால் இணைப்பே போய்விடும். எதையெல்லாம் விட வேண்டும் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 என்ற இணைய நெறிமுறை ஆவணம் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது.

ஐபிவி4க்கு மட்டும் எழுதுவது

லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எழுதும் விதிகள் ஐபிவி6ஐத் தொடவே தொடாது. வீட்டுக் கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நேட் என்ற மறைப்பும் அங்கே வழக்கமாக இருக்காது. டிவி, கேமரா எல்லாம் பொது முகவரியோடு நிற்கும். ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸில் 'ஐநெட்' வகை டேபிள் இரண்டுக்கும் சேர்த்தே வேலை செய்யும். ஓபன்டபிள்யூஆர்டி 22.03 முதல் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறிவிட்டது.

வரிசை

ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழே படிக்கும். அனுமதியோ டிராப்போ முதலில் பொருந்துவதே முடிவு. ஒரு விதியின் எண்ணி (எத்தனை பாக்கெட் பொருந்தின என்ற கணக்கு) நாள் முழுக்கப் பூஜ்யத்திலேயே நின்றால், அதற்கு மேலே ஏதோ ஒன்று எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

வெளியூரிலிருந்து விதி மாற்றுவது

வேண்டாம். ஒரு வரி தப்பினால் நீங்களே உள்ளே நுழைய முடியாமல் போகும்.

யூபிஎன்பி

வீட்டுக் கருவிகள் தாங்களாகவே ரூட்டரில் வாசல் திறந்துகொள்ள விடும் வசதி இது. அணைத்து வையுங்கள்.

சேமிக்காமல் விடுவது

கட்டளையாகப் போட்ட விதி மின்சாரம் போனால் கூடவே போய்விடும். எழுதி முடித்ததும் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, விதிகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.