பாழடைந்த பந்தயத் தடத்தைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்து வெய்பிரிட்ஜில், மரங்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் சரிவு சுவர்போல எழும்பி வளைந்து போகிறது. உச்சியில் கிட்டத்தட்ட 30 அடி உயரம். அதை ஒட்டியே நடந்தால் ஓரிடத்தில் சட்டென்று அறுந்துவிடும். அதற்கப்பால் வளைவும் இல்லை, இடிபாடும் இல்லை, வெறும் சமதளம்தான். படத்தில் பார்க்கிறவர்கள் உடனே கதை கட்ட ஆரம்பிப்பார்கள்: மண் சரிந்திருக்கும், குண்டு விழுந்திருக்கும், ஏதோ பெரிய விபத்தை மறைத்திருக்கிறார்கள். நானும் முதலில் குண்டு என்றுதான் நினைத்தேன்.

இது புரூக்லண்ட்ஸ். மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட தடம். ஹ்யூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் கட்டி 1907 ஜூனில் திறந்தார். கடைசிப் பந்தயம் 1939 ஆகஸ்டில் நடந்தது. அடுத்த மாதம் போர் வந்தது, அதற்குப் பிறகு அங்கே பந்தயமே இல்லை.

இங்கேதான் முதல் தவறு நுழைகிறது. பந்தயம் நின்ற நாளோடு தடத்தின் கதையும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு தழும்புக்கும் பந்தயத்திலேயே காரணம் தேடுகிறோம். உண்மையில் புரூக்லண்ட்ஸை யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை. தடத்தின் நடுவில் விமானத்தளம் இருந்தது; விக்கர்ஸ், ஹாக்கர் நிறுவனங்கள் அங்கே விமானம் செய்தன. போர்க்காலத்தில் தடத்தின் மேலேயே கொட்டகைகள் எழும்பின. மேலிருந்து பார்க்கும் எதிரி விமானிக்கு அந்த வெள்ளைக் கான்கிரீட் வளையம் நல்ல அடையாளம் ஆயிற்றே? அதனால் அதை மறைக்க மரம் நட்டார்கள். இன்று நாம் ‘காடு விழுங்கிவிட்டது’ என்று உருகும் பச்சையில் ஒரு பகுதி, மனிதர்கள் வேண்டுமென்றே வைத்தது.

1940 செப்டம்பர் 4 அன்று குண்டு விழுந்தது உண்மை. விக்கர்ஸ் தொழிற்சாலையில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் வளைவு அறுந்ததற்கும் அந்தக் குண்டுக்கும் தொடர்பில்லை. 1951ல், அங்கே உருவான வேலியன்ட் ஜெட் விமானங்கள் மேலெழும்பி அருகிலுள்ள விஸ்லி தளத்துக்குப் போக நீளமான ஓடுபாதை தேவைப்பட்டது. வழியில் நின்ற வளைவை வெட்டி எடுத்தார்கள். அவ்வளவுதான் மர்மம். ‘எப்படி அழிந்தது’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘அடுத்து இங்கே யாருக்கு என்ன வேலை இருந்தது’ என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் புதிர்கள் தாமாக அவிழும்.

இதே தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. ஸ்பெயினில் பார்சிலோனாவை அடுத்த சிட்ஜஸ் ஊருக்கு அருகே டெர்ராமார் என்ற 2 கிலோமீட்டர் வளையம் இருக்கிறது. 1923 அக்டோபரில் திறந்தார்கள். கட்டியவர்களுக்குப் பணம் பாக்கி, ஜெயித்தவர்களுக்குப் பரிசுப் பணம் தர முடியவில்லை. தடம் தலையெடுக்கவே இல்லை. அந்த இடம் பிற்காலத்தில் கோழிப்பண்ணை ஆனது. அது தெரியாமல் உள்ளே போகிறவர், கோழிக்குக் கட்டிய கொட்டகையைப் பார்த்து ‘ஆஹா, வண்டிகளை நிறுத்திய இடம்’ என்று படம் எடுத்துக்கொண்டு வருவார்.

அப்புறம், விரிசல். கான்கிரீட்டில் விரிசலும் மேடுபள்ளமும் கண்டால் ‘கைவிட்டதால் கெட்டுப்போனது’ என்று எழுதிவிடுகிறார்கள். புரூக்லண்ட்ஸ் தடம் உயிரோடு இருந்த நாளிலேயே மேடுபள்ளம்தான். செங்குத்தான சரிவில் அன்றைக்குத் தார் போடுவது கஷ்டம் என்பதால் மேற்பூச்சு எதுவும் இல்லாத கான்கிரீட்டைப் போட்டார்கள். அடியில் கொட்டிய மண் அமுங்க அமுங்க, மேலே பலகை பலகையாக ஏறி இறங்கியது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் பந்தயத்தை நிறுத்திவிட்டு ஒட்டுப்போடுவார்கள். வெய் ஆற்றைத் தடம் கடக்கும் இடத்தில் இருந்த மேடு ரொம்பப் பிரசித்தம். வேகமாக வந்த கார்கள் அங்கே தரையை விட்டு எழும்பி நிற்கும் படங்கள் நிறைய உண்டு. ஜான் காப் 1935 அக்டோபரில் நேப்பியர்-ரெயில்டன் காரில் சராசரி மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்து, யாரும் முறியடிக்காத சாதனையை வைத்தார். இந்தக் கரடுமுரடான தளத்தில்தான். ஆகவே ஒரு ஒட்டைப் பார்த்தால் அது பந்தயக்காலத்து ஒட்டா, விமானக்காலத்து ஒட்டா என்று தேதியிட்ட பழைய படங்களோடு வைத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

அளப்பதில் நடக்கும் தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எண் வந்துவிட்டால் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். சாய்த்துக் கட்டிய வளைவை, அதாவது பேங்கிங்கை, பார்த்ததும் செல்போனை அதன்மேல் வைத்துக் கோணம் எடுப்பார்கள். புரூக்லண்ட்ஸ் வளைவின் குறுக்குவெட்டு நேர்க்கோடு இல்லை, கிண்ணம்போலக் குழிந்தது. அடியில் மெதுவான சரிவு, மேலே போகப்போகச் செங்குத்து. எந்த உயரத்தில் அளந்தோம் என்று எழுதாத கோணத்துக்கு மதிப்பே கிடையாது. டெர்ராமாருக்கு ‘60 டிகிரி’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதையும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றின் நீளமும் இப்படித்தான். புரூக்லண்ட்ஸ் தடம் 100 அடி அகலம், ஒரு சுற்று சுமார் 2.75 மைல். செயற்கைக்கோள் படத்தில் உள்விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்தால் ஒரு எண் வரும், வெளிவிளிம்பை ஒட்டினால் வேறு எண். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 100 அடி அகல வளையத்தைச் சமதளமாக வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 628 அடி, அதாவது 190 மீட்டர். வளையம் வட்டமோ முட்டையோ, பதில் அதேதான். பள்ளிக்கூடத்து இரண்டு பை ஆர் கணக்கு. இது புரியாமல் ‘பழைய பதிவேடு பொய் சொல்கிறது’ என்று கிளம்பிவிடக்கூடாது. அந்தக் காலத்தில் தடத்தின் நடுவே ஐம்பதடிக் கோடு என்று கறுப்பாக ஒரு புள்ளிக்கோடே போட்டிருந்தார்கள்.

இன்னொன்று: அந்தக் காலத்துப் பழக்கம் தெரியாமல் இடத்தைப் படிப்பது. புரூக்லண்ட்ஸை ஆரம்பித்தவர்களுக்குத் தெரிந்த ஒரே மாதிரி குதிரைப் பந்தயம். முதலில் கார்களுக்கு எண் கூட இல்லை. ஜாக்கிகள் போல ஓட்டுநர்கள் நிறம் நிறமாய்ச் சட்டை போட்டார்கள், பந்தயம் கட்டிப் பணம் வைக்க ஆள்கள் நின்றார்கள். கார்கள் கூடும் இடத்துக்குப் பேடாக் என்று பெயர். கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்குப் போய்வந்தவருக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். இன்றைய பார்முலா ஒன் தடத்தை மனதில் வைத்துப் போகிறவர், பந்தயத்தின் நடுவே கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் எங்கே என்று தேடித் தலையைச் சொறிவார்.

பளிச்சென்று இருப்பதையெல்லாம் பழையது என்று நம்புவதும் உண்டு. பிரான்சில் ரைம்ஸ் நகரத்தை அடுத்த கியூ கிராமத்தில், பொதுச்சாலை ஓரமாகவே பழைய பிட் கட்டடமும் பார்வையாளர் மேடையும் நிற்கின்றன. சுவரில் விளம்பர எழுத்துகள் அழகாகத் தெரியும். அந்தத் தடத்தின் மீது பிரியம் கொண்டவர்கள் சங்கம் வைத்துச் சீரமைத்து, திரும்ப எழுதியவை பல. செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெயிண்டைச் சான்றாகக் காட்டினால் சிரிப்பார்கள்.

எதுவுமே மிஞ்சாததால் ‘இங்கே தடமே இருந்ததில்லை’ என்று முடிவுகட்டுவது இதற்கு நேர் எதிர்த் தவறு. அமெரிக்காவில் 1910, 20களில் மரப்பலகையால் தடம் கட்டினார்கள். பெவர்லி ஹில்ஸில் 1920ல் திறந்த தடம் 1924க்குப் பிறகு இல்லை. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று பெரிய ஓட்டல் நிற்கிறது. மரம் மக்கிப்போகும், விறகாகும், நிலம் மனையாகும்.

நம் ஊரில் சோழவரமும் அந்த வகை. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதைதான் அங்கே தடம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990ல் வரும்வரை சென்னைக்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றாலே சோழவரம். சாய்ந்த வளைவும் கல் மேடையும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கே ஆவணம் என்பது பெருமளவு மனிதர்களின் ஞாபகம். அதைக் கேட்பதிலும் ஒரு தவறு செய்கிறோம்: ‘ஐயா, இங்கே பெரிய விபத்து நடந்ததாமே?’ என்று பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். ‘பஸ்ஸை விட்டு எங்கே இறங்குவீங்க, எந்தப் பக்கமா உள்ளே போவீங்க, வெயிலுக்கு எங்கே ஒதுங்குவீங்க’ என்று கேளுங்கள். மனிதர் கையை நீட்டிக் காட்டுவார். அந்தத் திசைதான் உங்களுக்கு வேண்டியது.

ஆவிக் கதைகளைப் பற்றி ஒரு வரி. பெர்சி லம்பர்ட் 1913 பிப்ரவரியில் ஒரு மணி நேரத்தில் 100 மைல் கடந்த முதல் மனிதர். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அதே புரூக்லண்ட்ஸில் சாதனையை மீட்கப் போய் இறந்தார். அவர் அங்கே உலவுகிறார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் அதற்கு இடம் வேண்டாம்.

சட்டத்தில் மட்டும் விளையாடாதீர்கள். புரூக்லண்ட்ஸ் தடத்தின் எச்சங்கள் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அப்படிப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பிடித்தாலே இங்கிலாந்தில் குற்றம். ஞாபகார்த்தம் என்று ஒரு கான்கிரீட் துண்டைப் பெயர்ப்பதும் வேண்டாம். தனியார் நிலமா, பாதுகாப்புத் துறை நிலமா என்று விசாரித்துவிட்டுக் காலை வையுங்கள். பழைய விமானத்தளம் என்றால் இந்த விசாரணை இரண்டு மடங்கு முக்கியம். பழைய கொட்டகைக் கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ், உடைத்துப் பார்க்கிற பொருள் அல்ல. விரிசலில் முளைத்த செடியைப் படத்துக்காகப் பிடுங்கினால் வேரோடு கான்கிரீட்டும் வரும்.

கடைசியாக, பந்தயத்தை மட்டும் ‘அசல்’ என்றும் மற்றதெல்லாம் குப்பை என்றும் நினைக்கிற மனசு. புரூக்லண்ட்ஸின் ஃபினிஷிங் ஸ்ட்ரெயிட், அதாவது பந்தயம் முடியும் நேர்ப்பாதை, அதன் மேலே போர்க்கால விமானக் கொட்டகை ஒன்று பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருந்தது. பந்தயப் பிரியர்களுக்கு அது உறுத்தல். அங்குள்ள அருங்காட்சியகம் அதை இடிக்கவில்லை. கழற்றி, பக்கத்தில் மறுபடி நிறுத்தி, உள்ளே விமானத் தொழிற்சாலையின் கதையை வைத்தார்கள். 2017ல் கொட்டகையும் திறந்தது, அடியில் கிடந்த தடமும் வெயிலைப் பார்த்தது.