ஊசியை ஒப்பிடும் முன் மஞ்சப்பையைக் கொட்டுங்கள்

காவேரிப்பட்டணத்தில் மருந்துக்கடை வைத்து எனக்கு இது 19-வது வருடம். சர்க்கரைக்காரர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் கொஞ்ச நாளாக வருகிறவர்கள் வேறு மாதிரி. போனை நீட்டி, "அண்ணா, இந்த இளைக்கிற ஊசி இருக்கா? மூணுல எது நல்லது?" என்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதே இல்லை. "வீட்டுல இருக்கிற மாத்திரை, ஊசி, பழைய சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். ஊசியை எழுதித் தருவது டாக்டர் வேலை. அவர் முன்னால் போய் உட்காரும்போது எதையெல்லாம் ஒப்பிட்டு வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

முதலில் டப்பாவின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஓசெம்பிக், வீகோவி இரண்டும் செமாக்ளூடைடுதான். ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று எடைக்கு, அளவுதான் வேறு. மௌன்ஜாரோ என்றால் டிர்செபடைடு. இவை இரண்டும் வாரம் ஒரு ஊசி. டூலாக்ளூடைடும் அப்படியே. லிராக்ளூடைடு தினமும் போட வேண்டியது. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு ஒரே மருந்து பல பெயரில், பல விலையில் வரும். பெயரை வைத்து ஒப்பிட்டால் ஒரே சரக்கை அதனோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், இவை எதுவும் இன்சுலின் இல்லை. சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். சர்க்கரை ஏறியிருந்தால் அது இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். உடம்பில் அது ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும். வார ஊசியில் இருப்பது வாரம் முழுக்க நிற்கும்படி மாற்றிச் செய்தது. டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கணையம் இன்சுலினே சுரக்காத டைப் 1 காரர்களுக்கு இவை எதுவும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது. "இன்சுலின் போட்டா குண்டாகுது, இதுக்கு மாறிக்கிறேன்" என்று தானாக நிறுத்துவது ஆபத்து. இன்சுலினில் எடை கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். அதற்காக மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பையைக் கொட்டுங்கள். பர்கூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையில் மேற்பார்வை வேலை பார்க்கும் ஒருவர், 96 கிலோ, போன வருடம் என் மேசையில் இப்படிக் கொட்டினார். வீட்டுக்கே வரும் மாத்திரை ஒரு பக்கம். வீடு தேடி மாத்திரை தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அதனால் இங்கே அந்தப் பழக்கம் ஊறிப்போனது. பெங்களூரில் மகன் காட்டிய டாக்டர் எழுதிய மாத்திரை இன்னொரு பக்கம். கிளிமிபிரைடு என்ற ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது. பெயர் 'கிளிப்டின்' என்று முடியும் வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றும் இருந்தது. இவர் அங்கே சாப்பிடுவதை இங்கே சொல்லவில்லை, இங்கே சாப்பிடுவதை அங்கே சொல்லவில்லை. இதற்கு மேல் ஊசியும் வேண்டும் என்கிறார்!

கிளிமிபிரைடோ இன்சுலினோ இருக்கும்போது இந்த வார ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கொட்டும். பழையதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கிளிப்டின் அதே ஜிஎல்பி-1 வழியில் வேலை செய்வது, ஊசியோடு சேர்த்துப் போடுவதில் பயன் இல்லை, பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், டாக்டர் டிர்செபடைடு எழுதினால் அந்த மாத்திரையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும், நான்கு வாரம் வேறு தடுப்பும் தேவை.

எடைக் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் எண் யாருடையது என்று பாருங்கள். வாரம் 2.4 மி.கி. செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. 15 மி.கி. டிர்செபடைடில் 72 வாரத்தில் 21 சதவீதம் அளவுக்கு. இரண்டும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் செய்த ஆய்வு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குறைவாகத்தான் இறங்கும்; அதே செமாக்ளூடைடு அவர்களுக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் தந்தது. 96 கிலோக்காரர் 20 கிலோ கனவோடு வந்தார். ஒன்பது பத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள், மேலே வந்தால் லாபம் என்றேன். முகம் சுருங்கியது. பரவாயில்லை, பணம் கட்டும் முன்பே சுருங்கட்டும்.

பணத்தை வாரக்கணக்கில் பார்க்காதீர்கள். மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375. மாதத்துக்கு 14,000, அடுத்த படியில் 17,500. அந்த 2.5-ம், செமாக்ளூடைடில் 0.25-ம் வயிற்றைப் பழக்கும் அளவுதான். நான்கு வாரம் கழித்துத்தான் கூட்டுவார்கள். "ஒரு மாசம் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று விட்டவர்கள் பழக்குகிற காசை மட்டும் கட்டியவர்கள். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டது. அதனால் இரண்டு வருடச் செலவை இன்றைய விலையில் எழுதிப் பாருங்கள். இன்சுலின் கலவை 10 மி.லி. பாட்டில் சுமார் 150 ரூபாய். தினம் 20 யூனிட் போடுபவருக்கு 20 நாள் வரும். சர்க்கரை மட்டும்தான் பிரச்சினை, கையில் காசும் கம்மி என்றால் பழைய வழியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிரிஞ்ச் விஷயத்தில் மட்டும் நான் கத்துவேன். நம் ஊர் இன்சுலின் பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா உடைந்துபோன ஒரு பெரியவருக்கு, ஏதோ ஒரு கடையில் சிவப்பு மூடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து 20 கோடு வரை இழுத்தார். உள்ளே போனது 50 யூனிட். மருமகள் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றிவிட்டு ஆட்டோவில் ஏற்றியதால் பிழைத்தார். வார ஊசியைக் குப்பியில் வாங்கினாலும், எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த வார ஊசிகள் வேண்டாம். கர்ப்பத்திலும் கூடாது. முன்பு கணைய வீக்கம், பித்தப்பைக் கல் வந்தவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் சர்க்கரைக்காரர்கள் முதலில் கண்ணின் விழித்திரையைக் காட்டிவிட்டு வாருங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் பாதிப்பு கூடலாம். ஆபரேஷன் இருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், வயிறு மெதுவாகத்தான் காலியாகும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். நம்ம 96 கிலோக்காரர் ஊசி தொடங்கிய பிறகும் பழக்க தோஷத்தில் இரண்டு உருண்டை களி சாப்பிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தார். இப்போது அரை உருண்டை, கூடவே முட்டை அல்லது மொச்சைக் குழம்பு. கொழுப்போடு தசையும் கரையும், பருப்பு வகை குறையக் கூடாது. வயிற்றுவலி முதுகு வரை பாய்ந்து நிற்காமல் இருந்தால் மறுநாள் வரை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே வைப்பது என்பதையும் ஒப்பிடுங்கள். பிரிக்காத ஊசி எல்லாம் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசருக்குத் தள்ளி. உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரித்த இன்சுலினுக்குப் பொதுவாக நான்கு வாரக் கணக்கு. மற்றதற்கு டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கத்திரி வெயிலில் பைக் பெட்டியில் வைத்து ஊர் சுற்றாதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு, புழங்கும் இன்சுலினை வைக்க, பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல்.

போட்டு முடித்த ஊசிமுனைகளைக் குப்பையில் எறிய வேண்டாம், துப்புரவு அக்காவின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் என் கடைக்கே கொண்டு வாருங்கள். கல்லாப் பக்கத்தில் அதற்கென்று ஒரு வாளி வைத்திருக்கிறேன்.